எனக்கு விடை வேண்டும்

வேலையை விட்டு ஆளை அனுப்புவதில் எத்தனையோ வகை உண்டு. திட்டி அனுப்புவார்கள். கெஞ்சி அனுப்புவார்கள். சொல்லாமல் கொள்ளாமல் நாற்காலியை எடுத்துவிட்டும் அனுப்புவார்கள். ஆனால் கேள்வி கேட்ட குற்றத்துக்குக் கைதட்டி, பூங்கொத்து கொடுத்து, சுவர்க் கடிகாரம் ஒன்றையும் கையில் திணித்து ஒருவரை அனுப்பி வைத்த பெருமை மெய்யியல் எதிர்கால நிறுவனத்தையே சேரும். அப்படிப் போனவர் சந்தேகம் சார்.

சந்தேகம் என்பது மாணவர்கள் வைத்த பெயர். அங்கே அறவியல் பாடம் நடத்தி வந்தவர். "மணி பத்தாயிடுச்சா சார்?" என்று கேட்டால், "ஆயிருக்கும்னுதான் தோணுது. ஆனா அந்தக் கடிகாரத்தை எதுக்கு நம்பணும்?" என்பார். பல் மருத்துவமனையில் வரவேற்பாளராக இருந்த அவர் மனைவி, "காப்பி நல்லா இருக்கான்னு கேட்டா, நல்லதுன்னா எதைச் சொல்றேன்னு கேக்கற மனுசன். இவரைக் கட்டிக்கிட்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்" என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகவே சொல்லிக்கொள்வார்.

அந்த நிறுவனம் ஒரு காலத்தில் வெறும் மெய்யியல் துறையாக, நடைபாதைக் கடைசியில், ஒழுகும் குழாய்க்குப் பக்கத்தில், யார் கண்ணையும் உறுத்தாமல்தான் இருந்தது. பிறகு இயக்குநர் வந்தார். அவருக்கு முன்னுரை என்று பட்டப்பெயர். ஊரில் வெளிவந்த தடித்தடிப் புத்தகங்களுக்கெல்லாம் முன்னுரை எழுதியவர். அவராக ஒரு புத்தகம் எழுதியதில்லை, படித்ததாகவும் சாட்சி இல்லை. யாரோ இதைக் கேட்டதற்கு, "புத்தகத்தைப் படிச்சுட்டு எழுதினா முன்னுரை ஒரு பக்கமா சாஞ்சிடும்ங்க" என்று விளக்கம் சொன்னார்.

வந்தவர் முதலில் பெயர்ப் பலகையை மாற்றினார். அடுத்து நூலகத்து அலமாரிகளை அப்புறப்படுத்தி, அறையைக் குளிரூட்டி, அங்கே ஓர் இயந்திரத்தைக் குடியேற்றினார். அதற்குத் தெளிவு என்று பெயர். எது சரி, எது தப்பு, மனிதன் எப்படி வாழ வேண்டும், சமுதாயம் எங்கே போக வேண்டும் என்று எதைக் கேட்டாலும் தெளிவு சொல்லிவிடும். சொல்வதற்கு முன் பெரிய திரையில் ஒரு வட்டம் சுற்றும். வட்டம் சுற்றும்போது யாரும் உட்காரக் கூடாது என்பது நிறுவன மரியாதை. ஒருநாள் ஏதோ ஒயர் கழன்று வட்டம் காலையிலிருந்து சுற்றிக்கொண்டே இருந்தது. அத்தனை பேரும் நின்றார்கள். கணக்குப் பிரிவு அம்மா மயங்கி விழுந்தார். அவரைத் தூக்கிக்கொண்டு போகும்போது இயக்குநர், "தெளிவோட ஆழம் அப்படி. எல்லாராலும் தாங்க முடியாது" என்றார்.

தொடக்க விழா அன்று மண்டபம் நிரம்பியிருந்தது. இயக்குநர் மேடையேறினார்.

"நண்பர்களே! ஆயிரக்கணக்கான வருஷமா தத்துவக்காரங்க யோசிச்சுக்கிட்டே இருந்தாங்க. யாராவது முடிச்சாங்களா? ஒரு பாலம் கட்டறவன் இப்படி இழுத்தடிச்சா விடுவோமா? இனிமே அந்தக் கவலை இல்ல. யோசிக்கற வேலையைத் தெளிவு பாத்துக்கும். நாம ஒத்துக்கிட்டா போதும். ஒத்துக்கறதுல எனக்கு நல்ல அனுபவம் உண்டு. இந்தப் பதவிக்கு நான் வந்ததே அப்படித்தான்."

கைதட்டல்.

"இன்னொண்ணு. தெளிவு வாயால சொல்றதோட நிக்காது. சொன்னதை அதுவே செஞ்சும் முடிச்சுடும். வாசல் பூட்டு, வருகைப் பதிவு, நியமனம், எல்லாம் அது கையில. நடுவுல மனுசன் புகுந்தா தப்பு வந்துடும். அதனால அது செஞ்சதை மாத்தற பட்டனே இந்தக் கட்டடத்துல கிடையாது. வேண்டவே வேண்டாம்னு எழுதிக் கொடுத்தது நான்தான்!"

இன்னும் பெரிய கைதட்டல்.

தெளிவிடம் எப்படிக் கேட்பது என்பதற்கும் ஒரு முறை வகுத்திருந்தார்கள். கேட்பவர் நின்றுகொண்டு, தன் கேள்வியைச் சொல்லி, கடைசியில் "எனக்கு விடை வேண்டும்" என்று முடிக்க வேண்டும். இந்த மூன்று சொற்களை எழுத ஒரு குழு போட்டு, குழுவுக்கு இயக்குநரே தலைவராக இருந்து, தானே எழுதி, தானே பாராட்டுத் தீர்மானமும் நிறைவேற்றியிருந்தார்.

முதல் கேள்வி கேட்கிற கௌரவம் வயதில் மூத்தவர் என்று சந்தேகம் சாருக்குக் கிடைத்தது. அங்கே மெய்யியலில் பட்டம் வாங்கிய ஆளும் அவர் ஒருவர்தான். மற்றவர்களையெல்லாம் இயக்குநர் நிர்வாகப் படிப்புப் படித்த இடங்களிலிருந்து பொறுக்கி எடுத்திருந்தார். சார் எழுந்தார், தொண்டையைச் செருமினார்.

"தீர்ப்பை இயந்திரமே சொல்லிடுச்சுன்னா, தப்பு நடக்கும்போது அந்தத் தப்பு யாரோடது? எனக்கு விடை வேண்டும்."

வட்டம் சுற்றியது. எல்லோரும் நின்றார்கள். திரையில் எழுத்து வந்தது.

"தங்கள் விருப்பம் ஏற்கப்பட்டது. இன்று முதல் தங்களுக்கு விடை கொடுக்கப்படுகிறது. தங்கள் சேவைக்கு நன்றி."

இயக்குநர் முகம் ஒரு நொடி, கல்லைக் கடித்தவர் முகம் மாதிரி ஆனது. ஒரு நொடிதான். குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத பரம்பரை அது.

"பாத்தீங்களா!" என்று கத்தினார். "என்ன ஒரு ஆழம்! தப்பு யாரோடதுன்னு கேக்கற ஆளே இல்லாமப் போயிட்டா, தப்பு ஏது? இதைச் சொல்ல எந்தத் தத்துவக்காரனுக்காவது தைரியம் இருந்ததா? நம்ம சாருக்கு ஒரு பெரிய கைதட்டல் கொடுங்க!"

கொடுத்தார்கள். சிறப்பு விருந்தினருக்கு என்று வாங்கி வைத்திருந்த பூங்கொத்தும் கடிகாரமும் சார் கைக்கு வந்தன. சிறப்பு விருந்தினர் அந்தக் கடிகாரத்தை ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். சாரும் ஏதோ விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேதான் இறங்கினார். தன் அறைக்குப் போய்ப் பூட்டில் அடையாள அட்டையை வைத்தார். கதவு திறக்கவில்லை. மறுபடி வைத்தார். பக்கத்தில் ஒருவன் ஸ்டூல் போட்டு அவர் பெயர்ப் பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"என் பை உள்ள இருக்குப்பா," என்றார் காவலாளியிடம்.

"கதவுக்கே உங்களை அடையாளம் தெரியல சார். நான் என்ன பண்ணட்டும்?" என்றார் அவர், உண்மையான வருத்தத்தோடு.

வீட்டில் மனைவி முழுக் கதையையும் கேட்டார். கேட்டுவிட்டுக் கடிகாரத்தைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அது மணிக்கு மணி ஒரு பாட்டு வேறு பாடியது.

"ஏங்க, நீங்க கேட்டது பதில். அது கொடுத்தது வழியனுப்பு. ரெண்டுக்கும் ஒரே வார்த்தைங்கறதுக்காக ஒரு மனுசனை வீட்டுக்கு அனுப்புவாங்களா? அங்க மனுசங்கன்னு யாருமே இல்லையா?"

"இருக்காங்கன்னுதான் நினைக்கிறேன்" என்றார் சார்.

மறுநாள் அவர் பொறியாளரைப் போய்ப் பார்த்தார். தெளிவைக் கவனித்துக்கொள்ளும் மனிதர், நல்லவர். சார் தலையைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"மன்னிச்சுக்குங்க சார். அதுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்க ஏதாவது வேணும்ல? இங்க இருந்த புத்தகத்தை எல்லாம் அகற்றிட்டாங்க. அதனால ஆபீஸ் கடிதங்களைப் படிக்கக் கொடுத்தேன். அத்தனை வருஷக் கடிதத்துலயும் விடைன்னு வந்த இடமெல்லாம் யாரோ ஓய்வு பெற்றுப் போறாங்க. அறிவு வேணும்னு கேட்டு இங்க ஒருத்தரும் எழுதினதே இல்ல சார். பாவம், அது என்ன பண்ணும்?"

"சரி, திருத்தலாமே."

"திருத்தணும்னா முதல்ல தப்புன்னு இயக்குநர் எழுதித் தரணும்."

இயக்குநர் அறையில் சாருக்கு நாற்காலி போடப்படவில்லை. திரையில் ஏதோ வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது, நிற்க வேண்டிய நேரம்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு போதும் சார்," என்றார் சந்தேகம் சார். "வேலையெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். நடந்தது தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்க வாயால."

இயக்குநர் பரிவோடு சிரித்தார். "சொல்லலாம். வாய்க்கு என்ன வலி? ஆனா தப்புன்னு சொன்னா, யாரு பொறுப்புன்னு அடுத்த கேள்வி வரும். நான் இல்ல, நான் கையெழுத்துகூடப் போடல. பொறியாளர் இல்ல, அவர் கடிதம்தான் கொடுத்தார். தெளிவு இல்ல, அது தப்பே பண்ணாதுன்னு அழைப்பிதழ்லயே அச்சடிச்சுட்டோம். யோசிச்சுப் பாத்தா மொழி மேலதான் தப்பு. ஒரே சொல்லை வச்சுக்கிட்டு ரெண்டு அர்த்தத்துக்கு வேலை வாங்கினா அது மோசடி இல்லையா? அதைத்தான் முதல்ல ஒழுங்கு பண்ணப் போறேன்."

சார் வாசலைத் தாண்டும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"கடிகாரம் நல்லா ஓடுதா?"

சந்தேகம் சாருக்கு வாழ்க்கையில் எதன் மீதும் உறுதி இருந்ததில்லை. கோபம் வந்தால்கூட, இது கோபம்தானா, பசியா என்று யோசிக்கிற ஆள். அன்றைக்குத் தெருவில் இறங்கி நடக்கும்போது வந்தது கோபம்தான். அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

மொழியை ஒழுங்கு பண்ணும் வேலை உடனே தொடங்கியது. 'ஒரு சொல் ஒரு பொருள் குழு' என்று ஒன்று கூடியது. ஆறு என்றால் இனி எண் மட்டும்தான், ஓடுவதற்குப் பெயர் நீளத் தண்ணீர். மாலை என்றால் சாயங்காலம் மட்டும், மற்றது கழுத்துப் பூ. படி என்றால் வாசிப்பது, ஏறுவதற்கு இருப்பது ஏறுகல். 'ஏறுகல் இடப்பக்கம்' என்று பலகை வைத்ததிலிருந்து வருகிறவர்கள் மாடிக்கு வழி தெரியாமல் கீழேயே சுற்றினார்கள். விடை என்றால் வழியனுப்புவது மட்டும்தான் என்றும் குழு தீர்மானித்தது. தெளிவு அப்படிச் சொல்லிவிட்டதால் அதுவே சரி, அதுவே சரி என்பதால் சார் விஷயத்தில் தப்பே நடக்கவில்லை, ஆகவே கோப்பு மூடப்பட்டது.

அதற்குள் உள்ளே வேறு காவு விழுந்துகொண்டிருந்தது. முதுகுவலி வந்த கணக்குப் பிரிவு அம்மா, இரண்டு நாள் ஓய்வு தேவை என்று விண்ணப்பித்தார். தெளிவு அவருக்கு இரண்டு நாளைக்குப் பணி ஓய்வு கொடுத்து, மூன்றாம் நாள் பயிற்சி ஊழியராகப் புதிதாகச் சேர்த்துக்கொண்டது. தான் பயிற்சி கொடுத்து வளர்த்த பெண்ணிடமே போய் அவர் கூட்டல் கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. மேசையில் வெயில் அடிக்கிறது, இடம் மாற்றிக் கொடுங்கள் என்று கேட்ட, நூலகம் இல்லாத நூலகரை வேறு ஊருக்கே இடம் மாற்றியது. பாவம் அவர், ஜன்னலுக்கு ஒரு திரைச்சீலை கேட்டிருக்கலாம். அதன் பிறகு யாரும் எதுவும் கேட்பதில்லை. சிற்றுண்டிக் கூடத்தில்கூட விரலால் காட்டித்தான் வாங்கினார்கள். இயக்குநருக்கு ஒரே மகிழ்ச்சி. "நிறுவனம் தொடங்கின நாள்லேருந்து இப்படி ஒரு கருத்து ஒற்றுமையை நான் பாத்ததில்ல" என்று பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தார்.

சார் வீட்டில் உட்கார்ந்து நிறுவனத்துக்குக் கடிதமாக எழுதித் தள்ளினார். ஒன்றுக்கும் பதில் வரவில்லை. கடிகாரம் மட்டும் மணிக்கு மணி பாடியது. "இந்தச் சனியனைக் குப்பையில போடுங்க, இல்ல என்னைப் போடுங்க" என்றார் மனைவி. சார் போடவில்லை. அது பாடுகிற ஒவ்வொரு முறையும் "நல்லா ஓடுதா?" என்ற குரல் காதில் விழுந்தது. அந்தக் குரல் கிளறிய கோபம் ஆறிப் போய்விடக் கூடாது என்று நினைத்தார்.

ஒருநாள் மனைவிக்குச் சாப்பாடு கொடுக்க மருத்துவமனைக்குப் போனார். அவர் தொலைபேசியில் யாரிடமோ கத்திக்கொண்டிருந்தார்.

"டாக்டர் இன்னிக்கு லீவுங்க. அவருக்குப் பதில் வேற டாக்டர் வருவார்... ஆமாங்க, அவருக்குப் பதில்தான்... அய்யோ, அவருக்குப் பதில் சொல்லல, அவருக்குப் பதில் வருவார்னு சொல்றேன்!"

சாப்பாட்டுப் பையை மேசையில் வைத்த சார் அப்படியே நின்றுவிட்டார்.

"என்னங்க, பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க?"

"அவருக்குப் பதில்," என்றார் சார் மெதுவாக.

மனைவி முதலில் புரியாமல் பார்த்தார். பிறகு அவருக்கும் பொறி தட்டியது. பல்வலிக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்க, இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"அந்த ஆபீஸ் எந்தக் கடிதத்துக்காவது பதில் எழுதியிருக்கா?" என்று கேட்டார் மனைவி.

"எனக்குத் தெரிஞ்சு இல்ல. ஆனா இவருக்குப் பதில் அவர், அவருக்குப் பதில் இவர்னு ஆள் மாத்தற உத்தரவு மட்டும் வாரா வாரம் வரும்."

"அப்ப உங்க தெளிவுக்குப் பதில்னா என்ன அர்த்தம் தெரிஞ்சிருக்கும்?"

"சந்தேகமா இருக்கு," என்றார் சார், ஆனால் சிரித்துக்கொண்டே.

அன்று மாலையே குழுவுக்கு ஒரு பணிவான யோசனை போனது. 'விடை என்ற சொல்லை வழியனுப்புவதற்கு ஒதுக்கிய தங்கள் முடிவை வணங்குகிறேன். ஆனால் தெளிவிடம் கேட்பதற்கு இப்போது சொல் இல்லாமல் போயிற்றே. இனி, எனக்குப் பதில் வேண்டும் என்று முடிக்கலாமே. இந்தப் பொன்னான சொற்களை முதன்முதலில் உச்சரிக்கும் தகுதி இயக்குநர் ஒருவருக்கே உண்டு.' கடைசி வரியை எழுதச் சொன்னது மனைவி. "அந்த ஆளுக்குப் புகழ்ச்சிதான் தூண்டில்புழு. நீங்க கேள்விக்குறி போட்டுக் கெடுத்துடாதீங்க" என்றார்.

குழு நெகிழ்ந்துபோனது. பாதிக்கப்பட்டவரே பாராட்டுகிறார் என்று அறிக்கை விட்டார்கள். ஆண்டு விழாவில் அந்தச் சொற்களை இயக்குநர் முதன்முதலாக உச்சரிப்பார், அதுவரை வேறு யாரும் அவற்றைத் தெளிவின் முன் சொல்லக் கூடாது என்று சுற்றறிக்கை போனது. சாருக்கு முன்வரிசையில் இடம் போட்டார்கள். அவர் ஒரு துணிப்பையோடு வந்தார். பக்கத்தில் மனைவி, லீவு போட்டுவிட்டு.

இயக்குநர் பேசினார். பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். "நண்பர்களே, சிலர் கேக்கறாங்க, இயந்திரம் மனுசனோட இடத்தை எடுத்துக்குமான்னு. நான் சொல்றேன், தாராளமா எடுத்துக்கட்டும்! தகுதி இல்லாதவன் இடத்தை எவன் எடுத்தா என்ன? எனக்கு அந்தப் பயமே கிடையாது. ஏன்னா என் இடத்துல நான் என்ன செய்யறேன்னு இதுவரைக்கும் யாராலயும் கண்டுபிடிக்க முடியல!"

கைதட்டல் ஓய்ந்தது. அவர் திரையின் பக்கம் திரும்பி, இரண்டு கைகளையும் தூக்கினார்.

"தெளிவே! இந்தச் சமுதாயத்தை வழிநடத்தத் தகுதியானவர் யார்? எனக்குப் பதில் வேண்டும்!"

வட்டம் சுற்றியது. எல்லோரும் நின்றார்கள். சார் மனைவி சாரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தங்கள் விருப்பம் ஏற்கப்பட்டது. இன்று முதல் இயக்குநர் பணியில் தங்களுக்குப் பதில் மெய்யியல் பட்டம் பெற்ற, வேறு பணியில் இல்லாத ஒருவர் நியமிக்கப்படுகிறார்."

கீழே ஒரு புகைப்படம் வந்தது. தலைமுடி நிறைய இருந்த காலத்துச் சந்தேகம் சார்.

பழக்கதோஷத்தில் மண்டபம் கைதட்டியது. எல்லோரையும் முந்திக்கொண்டு தட்டியவர் கணக்குப் பிரிவு அம்மா. சார் ஆடிப்போய்விட்டார். ஆளைக் கீழே இறக்கத்தான் அவர் நினைத்தாரே தவிர, அந்த நாற்காலியில் தானே போய் உட்காருவோம் என்று கனவிலும் நினைக்கவில்லை.

"இல்ல, இல்ல!" என்று இயக்குநர் ஒலிபெருக்கியைப் பிடித்துக் கத்தினார். "நான் அந்த அர்த்தத்துல சொல்லல!"

"ஒரு சொல்லுக்கு ஒரு அர்த்தம்தானே சார்?" என்றார் மனைவி, முன்வரிசையிலிருந்து, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி.

இயக்குநர் பொறியாளரைப் பார்த்தார். "மாத்துங்க! உடனே மாத்துங்க!"

"பட்டன் இல்லையே சார்," என்றார் பொறியாளர். அவர் முகத்தில் அவ்வளவு பணிவை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

சார் துணிப்பையோடு மேடையேறினார். பையிலிருந்து கடிகாரத்தை எடுத்து, முன்னுரையின் கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டார். சரியாக அந்த நேரம் பார்த்து அது பாடியது.

நான்காவது நாள் முன்னுரை வந்தார். வாசலில் அவர் அட்டை வேலை செய்யவில்லை. காவலாளி கேட்டுவிட்டுத்தான் உள்ளே விட்டார். ஆள் மெலிந்திருந்தார், சட்டையில் ஒரு பொத்தான் மாறிப் போட்டிருந்தது. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்ததால் நின்றுகொண்டே பேசினார்.

"சார், வேலையெல்லாம் கேக்கல. நடந்தது தப்புன்னு உங்களுக்கே தெரியும். அதை ஒரு வார்த்தை, உங்க வாயால சொல்லிட்டீங்கன்னா போதும். வீட்டுல மூஞ்சியைக் காட்ட முடியல."

நாற்காலியில் இருந்த சந்தேகம் சார் அவரை நிமிர்ந்து பார்த்தார். நடந்தது தப்புதான். தகுதி பார்த்து யாரும் யாரையும் அனுப்பவில்லை, ஒரு சொல் தடுக்கி ஒருவர் விழுந்திருக்கிறார், அவ்வளவுதான். இதில் அவருக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை. சொல்வதற்கு ஒரு வார்த்தைதான். தப்பு யாரோடது என்ற தன் கேள்விக்கான விடையும் இத்தனை நாள் கழித்து இந்த அறையில்தான் இருக்கிறது, தன் நாக்கின் நுனியில் இருக்கிறது என்பதும் அவருக்குத் தெரிந்தது.

"சொல்லலாம்," என்றார். "வாய்க்கு என்ன வலி?"

முன்னுரை காத்துக்கொண்டு நின்றார்.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டார்.

"கடிகாரம் நல்லா ஓடுதா?"